டூ-ஸ்ட்ரோக் பைக் எஞ்சின் போட்ட கோ-கார்ட்: ஓட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பைக் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் கோ-கார்ட்டில், அதாவது தரையை ஒட்டி ஓடும் குட்டி நான்கு சக்கர வண்டியில், ஏறியதும் முதலில் எதிலாவது போய் மோதுவார். நான் மோதியது மாங்காய் கிரேட் அடுக்கில். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு மாங்காய் மண்டி இருக்கிறது. ஆடி கழிந்தால் அதன் சிமெண்ட் களம் காலியாகக் கிடக்கும். அங்கேதான் முதல் ஓட்டம். நேராகப் போனேன், அடுக்கு நெருங்கியது, பிரேக் பிடிக்கலாம் என்று வலது காலை அழுத்தினேன். பதினைந்து வருடமாக பைக்கில் வலது கால்தான் பின் பிரேக். ஆனால் கார்ட்டில் வலது கால் ஆக்சிலேட்டர். வண்டி பாய்ந்தது, நான் பயத்தில் இன்னும் அழுத்தினேன். அடுக்கியிருந்தது காலி பிளாஸ்டிக் கிரேட் என்பதால் இதை எழுத முடிகிறது, கருங்கல் சுவராக இருந்திருந்தால் கதை வேறு.

கார்ட் எப்படிக் கட்டுவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கட்டி முடித்ததும் எப்படி ஓட்டுவது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அதனால் வெல்டிங் முடிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்ன வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. 1980-இல் டிவிஎஸ் 50, 1984-இல் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, அப்புறம் மேக்ஸ் 100, சாமுராய் என்று ஓசூரிலிருந்தே வரிசையாக வந்தன. கிருஷ்ணகிரி, தர்மபுரி பழைய இரும்புக் கடைகளில் இன்னும் ஏதாவது ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு தலைகாட்டும். என் கார்ட்டில் இருப்பது மேக்ஸ் 100 எஞ்சின், நான்கு கியர். யமஹா ஆர்எக்ஸ் 100 கிடைத்தால் சந்தோஷம்தான், 98 சிசியில் 11 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அது. ஆனால் இப்போது அதற்குச் சொல்லும் விலையைக் கேட்டால் கார்ட் ஆசையே போய்விடும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 100 சிசி பைக்கின் பின் டயர் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். கார்ட்டில் நாம் மாட்டுகிற 10 அங்குல ஸ்கூட்டர் சக்கரம் 1.35 மீட்டர்தான் போகும். அதே ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டும் பல்சக்கரத்தை) அப்படியே போட்டால், பைக் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் சுற்று வேகத்தில், கார்ட் 50-இல்தான் போகும். குறைவு என்று நினைத்து முன் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், சஸ்பென்ஷன் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு 50-இல் போனால் 90 போல இருக்கும். இழுவை நன்றாக இருப்பதுதான் முக்கியம், களத்தில் உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை.

எங்கே ஓட்டுவது

ரோட்டில் ஓட்டக்கூடாது, சர்வீஸ் ரோடானாலும் ஊர்ச் சாலையானாலும் இதுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 39-ஆவது பிரிவின்படி பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட முடியாது. பொதுமக்களுக்குப் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் அந்தச் சட்டத்துக்குப் பொது இடம்தான். வறண்ட ஏரிக்குள்தானே ஓட்டுகிறோம் என்று வாதாடிப் பார்க்கலாம், ஜெயிக்க முடியாது. பதினெட்டு வயதாகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்தின்படி அப்பாவுக்குச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரைக்கும் போகும். சட்டம் இருக்கட்டும், என்எச் 44-இல் லாரி ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நம் தலை அவருடைய பம்பருக்குக் கீழே இருக்கும். தெரியவே தெரியாது.

ஆக, சொந்த நிலம், அல்லது உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய நிலம். சீசன் முடிந்த மண்டிக் களம் முதல் தரம். நிலக்கடலை பிடுங்கிய செம்மண் காடும் சரிதான், ஆனால் முதல்நாளே முழுக்க நடந்து பாருங்கள். எலி வளை, வரப்பு, பிடுங்கிப்போட்ட முள், பாதி புதைந்த கல் எல்லாம் கார்ட்டின் வயிற்றைக் கிழிக்கும். பர்கூர் பக்கத்துக் கைவிட்ட கல் குவாரிகள் பார்க்க அழகாக, சமமாக இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். கல் தூளில் டயர் நிற்காது, விளிம்புக்குத் தடுப்பும் இருக்காது.

இன்னொன்று, டூ-ஸ்ட்ரோக் சத்தம். பக்கத்துக் கொட்டாயில் சினை மாடு கட்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். எருது விடும் ஊர்தானே என்று நினைக்காதீர்கள், எருதுக்கு உள்ள தைரியம் ஜெர்சி மாட்டுக்குக் கிடையாது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடி நான் ஒரு சாயங்காலம் முழுக்க நடந்திருக்கிறேன்.

ஏறுவதற்கு முன்

இதற்கு இருபது நிமிடம் ஆகும். எனக்குத் தெரிந்து கார்ட்டில் நடந்த விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் நடந்தவை.

ஆக்சிலேட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பைக்கில் கையை விட்டால் கேபிள் திரும்பிவிடும். கார்ட்டில் அந்தக் கேபிள் நீண்டு, சீட்டுக்குக் கீழே வளைந்து, பெடலுக்கு வருகிறது. நாம் உட்கார்ந்ததும் சீட் அமுங்கி கேபிளை நசுக்கினால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். அதனால் ஆள் உட்கார்ந்த நிலையில், எஞ்சின் அணைந்திருக்கும்போது, பெடலை முழுக்க அழுத்திப் பட்டென்று விடுங்கள். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள், அந்த வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு கீழே விழும் டக் சத்தம் கேட்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டும் இதையே செய்து பாருங்கள். பெடலுக்கென்று தனியாக ஒரு ஸ்பிரிங் வேண்டும், கார்புரேட்டர் ஸ்பிரிங்கை மட்டும் நம்பக்கூடாது. பெடலுக்கு அடியில் ஒரு தடுப்புப் போல்ட்டும் வேண்டும். ஸ்லைடு மேலே போகும் தூரம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான், காலின் பலம் அதற்கு மேலும் இழுக்கும், கேபிள் முனையிலிருக்கும் ஈயக் குமிழ் பிய்ந்துவிடும்.

அடுத்தது எஞ்சினை உடனே அணைக்கும் கில் சுவிட்ச். காந்தச் சுழற்சியில் தீப்பொறி தரும் மேக்னட்டோ இக்னிஷனில் பைக்கின் கில் வயரை பாடியில் தொட வைத்தால் எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவு எளிது. அந்த வயரை ஸ்டீயரிங் நடுவில் ஒரு பெரிய சுவிட்சுக்குக் கொண்டு வாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சால் அணைத்துப் பார்க்காமல் ஒரு மீட்டர்கூட நகரக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கை அதைத் தொட வேண்டும். நான் பத்துத் தடவை பழகினேன். கிரேட்டில் மோதிய பிறகுதான் பழகினேன் என்பது வேறு விஷயம்.

செயினை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் போதும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஏதாவது உரசி லாக் கழன்றுவிடும். செயினுக்கு மேலே தகரக் கவர் கட்டாயம். செயின் உங்கள் இடுப்புக்கு ஒரு முழம் பின்னால் ஓடுகிறது, அறுந்தால் சாட்டை மாதிரி வரும்.

பிரேக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின் ஆக்சிலில் அல்லது சக்கரத்தில் இருந்தால் சரி. எஞ்சின் பக்க ஸ்ப்ராக்கெட்டில் பொருத்தியிருந்தால் செயின் அறுந்த நொடியில் பிரேக்கும் போச்சு, அந்த வண்டியில் ஏறாதீர்கள். ஸ்டீயரிங் ராடின் நட்டுகளில் காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி முள்) இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர நட்டு, எஞ்சின் மவுண்ட் போல்ட்டு எல்லாவற்றையும் ஸ்பேனர் போட்டுத் தொட்டுவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக் அதிர்வில் போல்ட் கழல்வது தினசரி சமாச்சாரம்.

பெட்ரோலும் ஆயிலும்

பைக்கிலிருந்து எஞ்சினைக் கழற்றும்போது பெரும்பாலானோர் எஞ்சினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் பம்பை அடைத்துவிடுகிறார்கள். அப்படியானால் ஆயிலை பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். நான் லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக்குக்கான ஆயில்) கலக்கிறேன், புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் இரண்டு மூன்று லிட்டருக்கு 40 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் அளவு மூடியோ சிரிஞ்சோ போதும். தனி கேனில் கலந்து குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்றவேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றவும் வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். அதனால் அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

ஏர் பில்டரைக் கழற்றிவிட்டால் சத்தம் கெத்தாக இருக்கும் என்று சில தம்பிகள் சொல்வார்கள். செம்மண் தூசி உள்ளே போனால் இரண்டே மாதத்தில் பிஸ்டன் ரிங் தேய்ந்து சிலிண்டரைக் கடைந்து போர் போடவேண்டி வரும், காற்று அதிகமாகி எஞ்சின் சூடும் ஏறும். சைலன்சரை வெட்டுவதும் இப்படித்தான். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் சத்தத்தைக் குறைக்க மட்டும் இல்லை, அதன் வடிவம்தான் வெளியே ஓடப்பார்க்கும் புதுக் கலவையைத் திருப்பி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வெட்டினால் சத்தம் கூடும், சக்தி குறையும்.

உடையும் உட்காருவதும்

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டை, ஜீன்ஸ், கிளவுஸ். லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் முடி எதுவும் கூடாது, ஆக்சில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறது, நூல் நுனி மாட்டினாலும் கழுத்துவரை இழுத்துவிடும். சீட் பெல்ட் பற்றிக் கேட்பார்கள். மேலே ரோல் கேஜ் (தலையைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாத கார்ட்டில் பெல்ட் போடக்கூடாது, கவிழ்ந்தால் வண்டிக்கு அடியில் நம்மைக் கட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். கேஜ் இருந்தால் பெல்ட் கட்டாயம். பாதி கேஜ், பாதி பெல்ட் என்று இழுத்துக் கட்டுவது ஆபத்து.

உட்கார்ந்து பிரேக்கை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கட்டைவிரலை ஸ்டீயரிங் கம்பிக்குள் கோர்க்காதீர்கள், மேலே வையுங்கள். முன் சக்கரம் கல்லில் ஏறினால் ஸ்டீயரிங் உதறும் உதறலில் விரல் சுளுக்கிக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்வது

உட்கார்ந்தபடி கிக்கர் அடிக்க முடியாது, ஒரு ஆள் வேண்டும். அவர் பக்கவாட்டில் நிற்கட்டும், முன்னாலும் பின்னாலும் யாரும் வேண்டாம். நியூட்ரலில் இருக்கிறதா என்று வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் கால் வைத்து, பெட்ரோல் திறந்து, குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் இழுத்து, "அடி" என்று சொல்லுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். நாலு உதையில் எடுக்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் பெட்ரோல் ரொம்பிவிட்டது. பெட்ரோலை மூடி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஓட்டையைத் துணியால் மூடிக்கொண்டு பத்துத் தடவை கிக்கர் அடித்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

எடுத்ததும் உறுமவிட்டுப் புகை காட்டவேண்டாம். இரண்டு நிமிடம் மெதுவாக ஓடட்டும். பைக்கில் எதிர்க்காற்று நேராக சிலிண்டரில் படும், கார்ட்டில் எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனால் நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினாலே கொதித்துவிடும். நான் சீட்டின் பக்கத்திலிருந்து சிலிண்டருக்கு ஒரு தகர வாய்க்கால் வைத்திருக்கிறேன், அப்படியும் பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஓய்வு.

நகர்வதும் கியரும்

என் வண்டியில் வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக். இடது கைப்பக்கம் ஒரு கம்பி கியர் லீவர், அதன் உச்சியிலேயே பைக்கின் கிளட்ச் லீவரை வெல்டு வைத்திருக்கிறோம். ஒரே கை இரண்டையும் பார்க்கும். இதன் பொருள், கியர் மாற்றும்போது ஸ்டீயரிங்கில் ஒரு கைதான். அதனால் கியர் நேரோட்டத்தில் மட்டும், வளைவில் ஒருபோதும் இல்லை.

பைக் கியர்பாக்ஸ் தட்டித் தட்டி ஏறுவது. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் லீவர் நடுவுக்குத் திரும்பினால்தான் அடுத்தது விழும். நீளமான கனத்த லீவர் தன் எடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் கியர் பாதியில் நிற்கும், அழுத்தினால் எஞ்சின் அலறும், வண்டி போகாது. லீவரை மேலே இழுத்துப் பிடிக்கச் சின்ன ஸ்பிரிங் ஒன்று போட்டதும் எனக்கு இது சரியாகிவிட்டது. கோர்த்த கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பொறுத்து தட்டும் திசை தலைகீழாகவும் ஆகலாம். நின்ற நிலையில் முழுக்கத் தட்டிப் பார்த்து, "முன்னால் தள்ளினால் ஏறும்" என்று ஸ்டீயரிங்கில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் நாள் முதல் கியர் மட்டும். ஐம்பது மீட்டர் போ, நில். பத்துத் தடவை. இது எதற்கு என்றால் கால் மறக்கவேண்டியதை மறக்க. வலது கால் பிரேக் இல்லை, இடது கால் கியர் இல்லை. இடது காலால் கியர் தட்டுகிற பழக்கத்தில் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் லாக் ஆகி அப்படியே சுழன்றுவிடுவீர்கள். கார் மட்டும் ஓட்டிப் பழகிய என் தங்கை அரை மணியில் பழகிவிட்டாள், எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று.

பிரேக்கும் வளைவும்

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். காலுக்கு மூளை செய்தி சொல்வதற்குள்ளேயே அந்த 11 மீட்டர் போய்விடும், அதற்கப்புறம்தான் பிரேக். அதிலும் வீட்டுக் கார்ட்டில் பிரேக் பின்னால் மட்டும். மிதித்தால் எடை முன்னால் சாய்ந்து பின் டயரின் பிடி குறையும். ஆகவே நேராக இருக்கும்போதே, முன்கூட்டியே, மெதுவாக அழுத்தி முடித்து, காலை எடுத்துவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் பெரிதாகக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள், ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தன்பாட்டுக்கு உருளும்.

வளைவில் பைக்காரர் உடம்பு தானாக உள்பக்கம் சாயும். சாயாதீர்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கும் வண்டியில் வளைவின் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஆனால் போகவேண்டிய தூரம் வேறு. உள் சக்கரம் மயிரிழை மேலே எழும்பினால்தான் வண்டி திரும்பும். நாம் உள்ளே சாய்ந்தால் அதை அமுக்கிவிடுகிறோம், முன் சக்கரம் திரும்பியும் வண்டி நேராகவே போகும். அப்படிப் போனால் இன்னும் திருப்பாதீர்கள், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், பிடி தானாக வரும்.

ஒரே ஒரு பின் சக்கரத்துக்கு மட்டும் செயின் கொடுத்திருந்தால் குணம் வேறு. இடது சக்கரம் ஓட்டினால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வண்டி வலது பக்கம் தள்ளும். பிரேக்கும் அந்த ஒரு சக்கரத்தில்தான் என்றால் பிடிக்கும்போது இடது பக்கம் இழுக்கும்.

அப்புறம் பவர். டூ-ஸ்ட்ரோக் கீழே சோம்பேறி, ஒரு ஆர்பிஎம் தாண்டியதும் திடீரென்று முழித்துக்கொள்ளும். பைக்கில் அந்த உதைதான் சுகம். வளைவின் நடுவில் கார்ட்டில் அது வந்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழற்றும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினை முழித்த நிலையிலேயே உள்ளே கொண்டுபோய், சீராகக் கொடுத்து வெளியே வாருங்கள். சுழல ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை விடாதீர்கள். கையையோ காலையோ தரையில் ஊன்றுவது பைக் புத்தி, கணுக்கால் போகும்.

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி மண் போட்டு வளைவுகளில் வையுங்கள். எட்டு போடுவதற்கு அதைவிட மலிவான சாமான் கிடையாது. பார்க்க வருகிறவர்களைக் களத்துக்கு வெளியே, வளைவின் வெளிப்பக்கம் அல்லாத இடமாகப் பார்த்து, திண்ணையிலோ சுவருக்குப் பின்னாலோ நிறுத்துங்கள், ஏனென்றால் கட்டுப்பாடு போனால் வண்டி வெளிப்பக்கம்தான் பறக்கும்.

பிஸ்டன் பிடித்தால்

சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிக்கொள்வதைத்தான் பிடிப்பது என்கிறோம். நீளமான நேரோட்டத்தில் எஞ்சின் சத்தம் திடீரென்று இறுகும், ஆக்சிலேட்டர் கொடுத்தும் வேகம் விழும், ஒரு கிர்ர் கேட்கும். அந்த நொடியில் கிளட்ச் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் சக்கரம் லாக் ஆகும். பிடித்து, கில் சுவிட்ச் அழுத்தி, ஓரமாக உருண்டு நில்லுங்கள். உடனே கிக்கர் அடித்துப் பார்க்காதீர்கள், முழுக்க ஆறட்டும். சரிவில் இறங்கும்போதும் கவனம், எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் ஆக்சிலேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் வரவில்லை. நீண்ட இறக்கத்தில் கிளட்ச் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது அவ்வப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தட்டிக்கொடுங்கள்.

நிறுத்திய பிறகு

ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். சைலன்சரைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருக்கும், எந்தப் பக்கம் இறங்குவது என்று ஏறும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். என் வலது கெண்டைக்காலில் இருக்கும் தழும்பு அதை யோசிக்காமல் இறங்கிய நாளுடையது. பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான், இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அடுத்த தடவை பிஸ்டன் பிடிக்கும், ஓட்டாமல் கார்புரேட்டரைப் பாருங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். ஏர் பில்டர் பஞ்சைக் கழுவிக் காயவைத்து ஆயில் தடவி மாட்டுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்ச பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடித்துவிடுங்கள், அடுத்த ஞாயிறு முதல் உதையிலேயே எடுக்கும்.